ஜனவரி 28-க்கும் ஜூன் 12-க்கும் நடுவே: டெல்டா ஊர்ப் பூங்காவில் மரம் பிழைக்க

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும். மூடியதிலிருந்து திறக்கிற வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நாலரை மாதத்தில்தான் பொது இடத்துக் கன்றுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். அதற்கு முன்னாலேயே ஐப்பசி கார்த்திகையில் ஒரு பகுதி போயிருக்கும்; அது தண்ணீர் தேங்கி, வேர் அழுகிப் போனது. வலங்கைமானோ குத்தாலமோ தலைஞாயிறோ, பேரூராட்சிப் பூங்காவில் மரம் வைக்கப் போகிறவர்கள் எத்தனை கன்று என்று கேட்பதற்கு முன்னால், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், கோடைத் தண்ணீரை யார் கொண்டு வந்து ஊற்றுவார் என்று இரண்டு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5. அணை திறக்க இன்னும் ஒரு வாரம், தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர அதற்கும் மேலே. அன்றைக்குப் போட்டோ எடுத்து வைக்கிற கன்றுக்கு ஆயுள் குறைவு. விழா கண்டிப்பாக வேண்டுமென்றால் அன்று குழி வெட்டித் திறந்து போடுங்கள், மண் வெயிலில் காயட்டும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஊர்ப் பூங்கா என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் மனைப்பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்கு என்று விட்ட இடம். நல்ல மனையை யாரும் விட மாட்டார்கள். பள்ளத்து மூலைதான் பூங்காவாகும். பிறகு பத்து வருஷத்தில் சுற்றுச் சாலை இரண்டு முறை உயரும், வீடுகள் அதற்கும் மேலே உயரும், பூங்கா மட்டும் பழைய வயல் மட்டத்திலேயே கிண்ணமாக நிற்கும். சாலை மட்டத்துக்கும் பூங்கா நடு மட்டத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று தண்ணீர் டியூப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் அதே டியூப் போதும்.

அந்த இடம் முன்பு நஞ்சையாக இருந்திருந்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து உழுத நிலத்தில் ஏறக்குறைய அரை அடி, முக்கால் அடி ஆழத்தில் ஒரு கடினத் தட்டு படிந்திருக்கும். குழியின் சுவரைச் சீவிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: மேலே பழைய நெல் வேர்களோடு பொலபொலவென்று கறுப்பு மண், அதற்குக் கீழே வேரே இல்லாமல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு அடுக்கு, கடப்பாரை போட்டால் துள்ளும். நெல்லுக்கு அது தண்ணீரைத் தேக்கிக் கொடுத்த தட்டு. மரத்துக்கு அதுவே எமன். வேர் அந்தத் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் ஓடும், ஆழம் போகாது, காற்றுக்கு நிற்காது. எத்தனை மரம் வைத்தாலும் ஒவ்வொரு குழியிலும் இந்தத் தட்டை உடைத்தே ஆக வேண்டும்.

வடிகிறதா என்று பார்க்க எளிய வழி: ஒரு அடி சதுரம், இரண்டு அடி ஆழத்தில் பூங்காவின் மூன்று நாலு இடத்தில் குழி எடுங்கள். மாலையில் நிரம்பத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை, அங்கே மண்ணைக் குவித்து அதன் மேல் கன்று வைக்கிற மேட்டு நடவுதான். வடிந்திருந்தால் மறுபடி நிரப்பி, குச்சியில் கோடு போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் சாதாரணக் குழி போதும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் அதுவும் மேட்டு நடவுக்கான இடமே.

கூடவே மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் உண்டு. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இ.சி. 4-ஐத் தாண்டினால் அது உப்பு மண். பி.எச். 8.5-க்கு மேல் போனால் களர். களருக்கு ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிற கணக்குப்படி போடுங்கள், கைக்கு வந்தபடி அல்ல. கடலோரத்தில் போர் தண்ணீரே உப்பாக இருந்தால் கோடையில் அதை ஊற்ற ஊற்ற மண்ணும் உப்பாகிக்கொண்டே போகும்.

இனி மேடு. அரை ஏக்கர் பூங்காவை எடுத்துக்கொள்வோம், சுமார் 150 அடிக்கு 145 அடி. தாழ்ந்த இரண்டு பக்கமும் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வடிகால் வெட்டினால் 290 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 650 கன அடி மண் வரும். அடியில் ஆறு அடி, தலையில் நாலு அடி, ஒன்றரை அடி உயரம் என்று ஒரு மேடு போட 30 கன அடி மண் வேண்டும். ஆக அந்த வடிகால் மண்ணே 20 மேட்டுக்குப் போதும், வெளியிலிருந்து ஒரு யூனிட் கூட வாங்க வேண்டாம். வடிகாலுக்கு 200 அடிக்கு ஒரு அடியாவது வாட்டம் கொடுங்கள். அது போய்ச் சேர ஒரு வாய்க்காலோ குட்டையோ இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்னால் பாருங்கள். போய்ச் சேர இடமில்லாத வடிகால் வெறும் கொசுத் தொட்டி.

மேடு போடும் இடத்தில் தரையை அப்படியே விட்டு மேலே மண் கொட்டக் கூடாது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் குத்தி, தட்டை உடைத்து, மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, பிறகு குவிக்க வேண்டும். ஒதுக்கிய மேல்மண் கன்றின் வேரைச் சுற்றி வர வேண்டும். வடிகாலின் அடிமண் மேட்டின் ஓரத்துக்குப் போகட்டும்.

களிமண் இளகட்டும் என்று குழிக்கு இரண்டு சட்டி மணல் கலப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் இளகாது, செங்கல்லாக இறுகும். எம்-சாண்ட் போட்டால் இன்னும் மோசம். அதற்குப் பதிலாக நன்றாக மக்கிய தொழு எருவோ மக்கிய தென்னை நார்க் கழிவோ போடுங்கள். ரைஸ் மில் உமி கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். மில்லின் உமிச்சாம்பல் காரத்தன்மை உள்ளது, களர் மண்ணில் அதைத் தொடாதீர்கள். களிமண்ணில் ஆழக் குழி வெட்டி உள்ளே மட்டும் நல்ல மண் நிரப்புவதும் தப்பு. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவில் பொலபொலப்பான மண் என்றால் மழைத் தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள் வந்து தங்கும். கார்த்திகையில் வேர் அழுகுவது பெரும்பாலும் இப்படி அக்கறையாகத் தயாரித்த குழிகளில்தான்.

ஜேசிபி வைத்துக் குழி எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஈரக் களியில் பக்கெட் உரசிய சுவர் மெழுகினது மாதிரி ஆகிவிடும், வேர் அதற்குள் நுழையாது. நடுவதற்கு முன்னால் நாலு சுவரையும் கடப்பாரையால் கொத்திக் கீறிவிடுங்கள்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கம் செம்மண், செம்புறை; அங்கே கதை நேர்மாறு. மேடு வேண்டாம், மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழி, 27 கன அடி; மண் மூன்று பங்குக்கு எரு ஒரு பங்கு; நிரப்பிய பிறகும் தரைக்கு நாலு அங்குலம் கீழே இருந்தால் மழை நீர் உள்ளே நிற்கும். வேதாரண்யம் மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கும். குழி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஏரி, குளத்து வண்டல் கலந்தால் ஈரம் தங்கும்.

எந்த மரம்? தண்ணீர் நிற்கும் மூலைக்கு நீர்மருது, புங்கன், நாவல், கடம்பு. காவிரிக் கரையில் தானாக நிற்கும் மருதைப் பார்த்தாலே தெரியும். திருவிடைமருதூர்க் கோயிலுக்குத் தல விருட்சமும் அதுதான். நடு மட்டத்துக்கு மகிழம், புன்னை, பூவரசு, மந்தாரை. மேட்டுப் பக்கம் வேம்பு, இலுப்பை, சரக்கொன்றை. வேம்பைப் பள்ளத்தில் வைக்காதீர்கள், அதற்குத் தண்ணீர் தேக்கம் ஆகவே ஆகாது. செண்பகமும் வடிகால் கேட்கும். கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு, பனை. பனைக்குக் கன்று தேடி அலைய வேண்டாம்; ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து வடிகால் கரையில் பத்தடிக்கு ஒன்றாக அரை அடி ஆழத்தில் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாத ஒரே நடவு அதுதான்.

ஆலும் அரசும் ஒவ்வொன்று போதும், அதுவும் சுவர், செப்டிக் டேங்க், குழாய் எல்லாவற்றுக்கும் நாற்பது அடி தள்ளி. நாகலிங்கம் பெஞ்சுக்கு மேலே வரக் கூடாது, காய் பீரங்கிக் குண்டு கனம். நாவலை நடைபாதை ஓரம் வைத்தால் பழக் காலத்தில் தரை முழுக்க ஊதாக் கறை. கோனோகார்ப்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேர் சாக்கடையையும் குழாயையும் தேடிப் போகும், மகரந்தம் அலர்ஜியைக் கிளப்பும். குஜராத் 2023-இல் தடை செய்தது, பிறகு தமிழ்நாட்டு அரசும் தடை செய்திருக்கிறது.

இடைவெளியில்தான் எல்லாருக்கும் பேராசை. நீர்மருது, இலுப்பைக்கு முப்பதிலிருந்து நாற்பது அடி, புங்கன், மகிழம், புன்னைக்கு இருபது அடி, சரக்கொன்றை, மந்தாரைக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். இருபது அடிக்கு ஒன்று என்று அரை ஏக்கர் முழுக்க வைத்தாலே 54 மரம்தான் கொள்ளும். நடைபாதை, விளையாடும் இடம், மின்கம்பி போக 40 வைத்தால் அதிகம். இருநூறு கன்று வந்து இறங்கியிருக்கிறது என்பதற்காக இருநூறையும் வைக்காதீர்கள், மீதியைப் பள்ளிக்கூடத்துக்கோ குளக்கரைக்கோ கொடுத்துவிடலாம். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று வைக்கும் மியாவாக்கி முறை ஒரு மூலைக்குச் சரி. பூங்கா முழுக்க அப்படி வைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வர மாட்டார்கள். மின்கம்பிக்கு நேர் கீழே செம்பருத்தி, இட்லிப்பூ மட்டும். பெரிய மரத்தை அங்கே வைத்தால் வருஷா வருஷம் ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டுவார்கள். பாரம் ஒரு பக்கம் சாய்ந்த மரம் முதல் புயலில் விழும்.

வனத்துறை நாற்றங்காலில் கன்று கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் உள்ளாட்சிகளும் கேட்டு வாங்கலாம். உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள், தண்டின் அடியைப் பாருங்கள். ஐந்தடி உயரக் கன்றின் அடித்தண்டு கட்டைவிரல் தடிமனாவது இருக்க வேண்டும், குச்சி இல்லாமல் தானாக நிற்க வேண்டும். வேர் பையைக் கிழித்துத் தரைக்குள் இறங்கியிருந்தால், தூக்கும்போது முக்கிய வேர் அறுந்திருக்கும், அது வேண்டாம். ஒரு கன்றின் பையை பிளேடால் நெடுக்கக் கீறி உரித்துப் பாருங்கள். வேர் சணல் உருண்டை மாதிரி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த லாட்டையே மறுத்துவிடலாம். அந்த வட்டம் மண்ணுக்குள் போனாலும் பிரியாது. தண்டு பருக்கும்போது தன் வேரே தன் கழுத்தை நெரிக்கும், பத்து வருஷம் கழித்துக் காற்றில் அடியோடு சாயும். லேசான சுற்று என்றால் பக்கத்தில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்தில் கீறி, அடியில் ஒரு அங்குலத்தை அறுத்துவிட்டு நடுங்கள்.

நடவு நாள் மண்ணைப் பொறுத்தது. கடைமடைக் களியில் ஆவணி, புரட்டாசி: வாய்க்காலில் தண்ணீர் ஓடும், இரவில் இடிமழை பெய்யும், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வேர் இரண்டு மாதம் பிடித்திருக்கும். செம்மண்ணிலும் மணலிலும் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் வாரம். நடும்போது பையை முழுதாக எடுத்துவிட வேண்டும், அடியில் ஓட்டை போட்டு அப்படியே இறக்குவது வேலைக்கு ஆகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்து மண் மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். களியில் ஒரு அங்குலம் உயர்த்தியே வையுங்கள், மண் அமுங்கிச் சமமாகும். மேட்டுக்கு மக்கிய எரு ஐந்தாறு சட்டி, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ. பச்சைச் சாணி போட்டால் சூடு, கரையான், வேர்ப்புழு மூன்றும் வரும். யூரியா முதல் வருஷம் வேண்டவே வேண்டாம்.

தாங்கு கம்பு இரண்டு, கன்றின் இரு பக்கமும், வேர் மண்ணைக் குத்தாமல் தள்ளி. கட்டுவது கயிற்றை எட்டு வடிவில் போட்டு, கன்றின் பாதி உயரத்துக்குக் கீழே. தலை ஆட வேண்டும், அடி ஆடக் கூடாது. ஆடி ஆடித்தான் தண்டு உரம் ஏறும். கம்பியும் பிளாஸ்டிக் வயரும் பட்டையை அறுக்கும், தேங்காய்நார்க் கயிறு போதும். ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீர். முதல் வருஷம் கன்றுக்கு 20 லிட்டர், வாரம் இரண்டு முறை. 40 கன்றுக்கு வாரம் 1,600 லிட்டர். ஜனவரி 28-இலிருந்து ஜூன் 12 வரை 19 வாரம் என்று வைத்தால் 30,400 லிட்டர். 5,000 லிட்டர் டேங்கரில் ஆறு லோடும் இன்னும் கொஞ்சமும். இரண்டாம் வருஷம் 40 லிட்டர் வாரம் ஒரு முறை, அதே அளவு. மூன்றாம் வருஷம் 60 லிட்டர், பதினைந்து நாளைக்கு ஒரு முறை. தினம் ஒரு குடம் தெளிப்பது கெடுதல், மேல் மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே வரும். இந்த மூன்று கோடைக்கான டேங்கர் செலவும் ஆள் கூலியும் மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும். கன்று, குழி, கூண்டு, விழாப் பந்தல் வரை எழுதிவிட்டு அதோடு நிறுத்திய மதிப்பீடு நிறையப் பார்க்கலாம்.

மேட்டில் ஊற்றுகிற தண்ணீர் வழிந்து ஓடாமல் இருக்கத் தலையில் மூன்றடி அகலப் பாத்தி கட்டுங்கள், ஐப்பசி பிறந்ததும் அதன் ஒரு பக்கத்தை உடைத்துவிடுங்கள். தையில் மறுபடி கட்டிக்கொள்ளலாம். மூடாக்குக்குத் தேங்காய் மட்டை நல்லது. குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கட்டும், நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் கொசு வளர்க்கும். வைக்கோல் போட்டால் மாடு வந்து மேயும், கன்றையும் மிதிக்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே மூடாக்கு. சித்திரையில் களி வெடிக்கும். வெடிப்பு அகலமானால் இளவேர் அறுந்துபோகும். மேல் இரண்டு அங்குலத்தை மண்வெட்டியால் கொத்திப் பொடியாக்கி வெடிப்பில் தள்ளிவிட்டால் ஈரமும் போகாது.

கார்த்திகையில் இலை மஞ்சளாகிறது என்று சொன்னால் உடனே உரம் போடச் சொல்கிறார்கள். அரை அடி தோண்டி மண்ணை மோந்து பாருங்கள். சாக்கடை வாடை அடித்தால் வேருக்குக் காற்று இல்லை, தேவை வடிகால். வேம்பின் நுனிக் கிளைகள் தை, மாசியில் தீய்ந்தது போல் காய்ந்தால் மரம் செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள். தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது, பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்க்கும். கரையான் மண் கோடு தண்டில் ஏறினால் அன்றே துடைத்து வேப்பம் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுங்கள்.

பூங்காவில் கன்றைக் கொல்வதில் ஆட்டுக்கு அடுத்தது புல் வெட்டும் இயந்திரம். அதன் நைலான் கயிறு அடித்தண்டைச் சுற்றி ஒரு முறை உரசினால் பட்டை வளையமாகப் போய்விடும், அதற்கு மேல் அந்தக் கன்று இல்லை. மேட்டுக்குள் புல்லைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். பூவரசு, வாகை, அத்தி மூன்றும் ஆட்டுக்கு ரொம்பப் பிடித்தவை, அவற்றுக்கு ஐந்தடிக் கூண்டு கட்டாயம். மற்றவற்றுக்கு மூங்கில் தட்டியும் முள்ளும் போதும்.

வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும். இரண்டிலும் ஆடு வாய் வைக்காது, நொச்சி தண்ணீர் நின்றாலும் தாங்கும். விரல் தடிமனில் ஒரு அடிக் குச்சி, பாதி மண்ணுக்குள், அடிக்கு ஒன்று, இரண்டு வரிசை மாற்றி மாற்றி. அரளி பூக்கும்போது அழகுதான், ஆனால் முழுச் செடியும் விஷம். குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

நடைபாதையை, சுற்றியுள்ள தரையைவிட அரை அடி உயர்த்தி, நாலடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் விட்டுப் போடுங்கள். கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினாலே நடக்க நன்றாக இருக்கும், தண்ணீரும் இறங்கும். பேவர் பிளாக்தான் வேண்டும் என்றால் மரத்தடி வரை இழுத்து வராதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கில் 2013-லேயே உத்தரவிட்டது. கொரியன் புல் கண்ணுக்கு அழகு. தினம் தண்ணீர் கேட்கும், மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் வழுக்கையாகும். நம் அருகம்புல் மிதிபடும், காயும், மழை விழுந்தால் மறுபடி பச்சை ஆகும். இலைச் சருகைக் கூட்டி மரத்தடியில் கொளுத்துகிற பழக்கம் இருந்தால் முதலில் நாலடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் ஒரு மக்குக் குழி வெட்டிக் கொடுங்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது, மேலோட்டமாக வேர் ஓடிய தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வரிசையாகச் சாய்ந்தன, பனை நின்றது. புரட்டாசியிலேயே பூங்கா மரங்களை ஒரு சுற்று பாருங்கள்: காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, ஒரே இடத்தில் இரண்டாகப் பிரிந்த தண்டில் மெலிந்தது. இவற்றை அடியோடு ஒட்டி வெட்டாமல், கிளை தொடங்கும் இடத்தில் தடித்திருக்கும் கழுத்தை விட்டு வெட்டினால் காயம் தானாக மூடும். கனமான கிளை என்றால் முதலில் அடியிலிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. இல்லாவிட்டால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டே போகும். காற்று புகுந்து போகட்டும் என்று தலையை மொட்டையாக வெட்டினால் அடுத்து வருகிற கிளைகள் எல்லாம் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், அவைதான் முதலில் முறியும். முழு மரத்தையும் எடுக்க வேண்டி வந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

மூன்றாம் வருஷம் தண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும்போதே கூண்டைக் கழற்றிவிடுங்கள். விட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்துபோகும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கழற்றிய கூண்டுக்குத் துரு சுரண்டி ஒரு கோட் ரெட் ஆக்சைடு அடித்தால் செத்துப்போன இடங்களில் வைக்கிற மாற்றுக் கன்றுகளுக்கு ஆகும்.